சனி ஞாயிறு படையின் வரலாறு

தலைமையகத்து மேஜர் என் கிளினிக்குக்கு வந்தபோது அவருடைய இடது கன்னம் வீங்கியிருந்தது. கையில் ஒரு பழுப்பு உறை. உறைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கன்னத்துக்குள் என்ன இருக்கிறது என்பதும் தெரியும். இரண்டுமே சீழ் பிடித்த சமாச்சாரம்தான்.

"ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்துட்டீங்கன்னா நான் கிளம்பிடுவேன் டாக்டர்" என்றார், கன்னத்தைப் பிடித்தபடி.

"கையெழுத்து எங்கயும் ஓடிடாது. இந்தப் பல்லு எத்தனை நாளா இப்படி?"

"ஒண்ணும் இல்ல. லேசான வலி."

"லேசான வலிக்கா கண்ணு கலங்குது? ஏறி உக்காருங்க."

உட்கார்ந்தார். படைக்காரர்கள் எல்லோரும் பல் டாக்டர் நாற்காலியில் ஒரே மாதிரிதான் உட்காருவார்கள், கைப்பிடியை முறித்துவிடுகிற மாதிரி பிடித்துக்கொண்டு. நான் உறையைப் பிரித்துப் பார்த்தேன். "சேமப்படை விமானப் பிரிவின் சுருக்கமான வரலாறு" என்று அச்சடித்த மெல்லிய புத்தகம். எழுதச் சொன்னது என்னை. எழுதியதும் நான். ஆனால் என் எழுத்தில் பாதியைக் காணவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிரிவை மூடுகிறார்கள். மூடுவிழா அணிவகுப்பில் ஜெனரல் முன்னால் இதைத்தான் நான் வாசிக்க வேண்டும் என்பது உத்தரவு, அதற்குச் சம்மதம் என்றுதான் கையெழுத்து.

தலைவர்கள் வரிசையைப் பார்த்தேன். கடைசியில் என் பெயருக்கு முன்னால் இருக்க வேண்டிய பெயர் இல்லை. வெள்ளம் வந்த வருடத்துக்கு நேராக ஒரே வரி. "பயிற்சியின்போது ஹெலிகாப்டர் ஒன்று சேதமடைந்தது." அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர்கள் பூசணித் தோட்டத்தையே மறைத்திருந்தார்கள்.

"வாயைத் திறங்க" என்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கோபம் அதிகம், ஊருக்கே தெரியும். ஆனால் கோபம் என் கை வரைக்கும் இறங்காது. அவருக்கு வலிக்காமல்தான் ஊசி போட்டேன். மரத்துப்போகும் வரை காத்திருந்து, பல்லைத் திறந்து, சீழை வடியவிட்டேன். அந்த நேரமெல்லாம் அவரால் பேச முடியாது. நான் பேசினேன்.

"அவசரமா படிச்சிருப்பீங்க, அதுலயும் பாதியை வெட்டியாச்சு. அதனால வாயால சொல்றேன், கேட்டுக்கங்க. எங்களை நீங்கள்லாம் என்ன சொல்லிக் கூப்பிடுவீங்கன்னு தெரியும். சனி ஞாயிறு படை. லீவு நாள் வீரர்கள். பரவாயில்ல, கூப்பிடுங்க. வார நாள்ல நாங்க பல்லு பிடுங்குறோம், பஸ் ஓட்டுறோம், லிஃப்ட் ரிப்பேர் பண்றோம். சனிக்கிழமை காலையில வந்து உங்க பழைய ஹெலிகாப்டரைத் துடைச்சுப் பறக்க வைக்கிறோம். புதுசு என்னைக்காவது குடுத்தீங்களா? உங்களுக்கு வேண்டாம்னு ஆனதுதான் எங்களுக்கு வந்துச்சு."

மேஜர் "ஆ" என்றார். அதை ஆமாம் என்றே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பிரிவை ஆரம்பித்தவர் ஒரு சோடா கம்பெனி முதலாளி. பெரிய போரில் ஆள் போதாமல், விமானம் ஓட்டத் தெரிந்த வெளியாட்களையெல்லாம் கூட்டி ஒரு கொட்டகையில் உட்கார வைத்தபோது, அவர் ஒரு விதி போட்டார். வானத்தில் பதவி கிடையாது. கீழே என்ன வேலை பார்க்கிறாயோ அதுதான் உன் பெயர். வயர்லெஸில் அவரே "சோடா பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். இறங்கி வந்தால் செய்ய ஒரு வேலை காத்திருக்கிறது என்பதை எவனும் மேலே போய் மறந்துவிடக் கூடாது என்பது அவர் கணக்கு. காயம்பட்டவர்களை எல்லையிலிருந்து தூக்கி வந்தபோதும் அதே பழக்கம்தான். "தச்சர்" என்ற பெயரும் "வாத்தியார்" என்ற பெயரும் அந்தப் போரிலிருந்து திரும்பவில்லை. அதற்குப் பிறகு வேறு யாருக்கும் அந்தப் பெயர்களை வைக்கவில்லை. தலைமையகத்துக்கு இந்தப் பழக்கம் கட்டோடு பிடிக்காது. நாங்களும் விடவில்லை.

நான் "பல்லு". என் அண்ணன் "பஸ்".

"எங்க அண்ணன் உங்க புத்தகத்துல இல்லாத ஆளு" என்று மேஜரிடம் சொன்னேன். "தங்கச்சிங்கறதால பரிஞ்சு பேசுறேன்னு நினைச்சுக்காதீங்க. சின்ன வயசுல என் பென்சிலைத் திருடினவன் அவன். எனக்கு அவன்மேல தனியா ஒரு வழக்கே பாக்கி இருக்கு."

வெள்ளம் வந்தது வேலை நாளில். அதுதான் முதல் சிக்கல். தலைமையகம் அழைத்தால்தான் சேமப்படைக்காரன் படைக்காரன். அழைக்காவிட்டால் அவன் வெறும் டிரைவர், வெறும் டாக்டர். உத்தரவில்லாமல் ஹெலிகாப்டரை எடுத்தால் அதற்குப் பெயர் திருட்டு. அண்ணன் அன்று காலை டியூட்டியில் இருந்தான். பாலத்துக்கு முன்னாலேயே தண்ணீர் பஸ் படிக்கட்டில் ஏறிவிட்டது. பயணிகளைக் கைகோத்து நடக்க வைத்து மேட்டில் சேர்த்துவிட்டு, நனைந்த டிரைவர் சட்டையோடு நேராக எங்கள் கொட்டகைக்கு ஓடி வந்தான். எனக்கு முன்னால் லிஃப்ட் வந்திருந்தான். லிஃப்ட் என்பது லிஃப்ட் மெக்கானிக். கயிற்றில் இறங்கி ஆளைத் தூக்குவதில் எங்களில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

தலைமையகத்துக்குப் போன் போட்டோம். "காத்திருங்கள், உங்களை அழைப்பதா என்று கூட்டம் நடக்கிறது" என்றார்கள். மறுபடி போட்டோம். கூட்டம் நடந்துகொண்டே இருந்தது.

அண்ணன் போனை வைத்தான். "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? திருட்டுன்னே இருக்கட்டும். வர்றவங்க ஏறுங்க."

நாங்கள் இரண்டு பேரும் ஏறினோம்.

மேலே போனதும்தான் தெரிந்தது, எங்கள் வரைபடம் ஒன்றுக்கும் ஆகாது என்று. தெரு இல்லை, வயல் இல்லை, எல்லாம் ஒரே காவி நிறத் தண்ணீர். எங்கே தேடுவது? அண்ணன் யோசிக்கக்கூட இல்லை, தன் பஸ் ரூட்டில் போக ஆரம்பித்தான். ஊரை விட்டு வெளியேற நினைப்பவன் எங்கே போய் நிற்பான்? பஸ் ஸ்டாப்பில்தான். நிழற்குடைகளின் கான்கிரீட் கூரை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. கூரைகள்மேல் ஜனங்கள். லிஃப்ட் கயிற்றில் இறங்குவான், நான் கயிறு இழுக்கும் வின்ச்சை இயக்குவேன், வண்டி நிறைந்ததும் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு அடுத்த ஸ்டாப்புக்கு வருவோம்.

நடுவில் வயர்லெஸ் கத்தியது. "யார் பறக்கிறது? உடனே தரையிறங்கு!"

"பஸ் பேசுறேன். தண்ணித் தொட்டி ஸ்டாப்ல ஆள் கை காட்டுறாங்க. ஏத்திக்கிட்டு வர்றேன்."

"இது உத்தரவு!"

"அடுத்தது மில் கேட்" என்றான் அண்ணன். அதற்கப்புறம் ஒவ்வொரு ஸ்டாப் பெயரையும் கண்டக்டர் மாதிரி சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனான். தலைமையகம் முழுக்க உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

பழைய தியேட்டர் ஸ்டாப்பில் யாரும் இல்லை. கூரை காலியாகக் கிடந்தது. எரிபொருள் முள் கீழே போய்விட்டது. லிஃப்ட், "ஆளே இல்லண்ணா, விடுங்க, போயிடலாம்" என்று கத்தினான். அண்ணன் நிறுத்தினான். ஹெலிகாப்டரை அந்தரத்தில் ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பதுபோல எரிபொருளைக் குடிக்கிற காரியம் வேறில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாருக்காகடா நிக்கிற?" என்றேன். அண்ணனை "டா" போட்டது அன்றைக்குத்தான்.

"தெரியல. இங்க நிறுத்திப் பழக்கம்."

இது ஒரு பஸ் டிரைவர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. படையில் முறையாகப் படித்து வந்தவன் எவனும் காலி இடத்தில் நிற்க மாட்டான். நான் அவனைத் திட்ட வாயெடுத்தபோது, கூரைக்கு மேலே இல்லை, கூரைக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. நிழற்குடைக்குள் பெஞ்சின்மேல் நின்றிருக்கிறார்கள், ஒரு அப்பனும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்ட ஒரு குழந்தையும். தண்ணீருக்கும் கூரைக்கும் நடுவே மூக்குக்கு மட்டும் இடம். எங்கள் சத்தம் கேட்டதும் அவன் கையை நீட்டியிருக்கிறான். நாங்கள் நிற்காமல் போயிருந்தால் அந்தக் கை வெளியே வருவதற்குள் கடந்துபோயிருப்போம்.

இரண்டு பேரையும் தூக்கினோம். அதோடு எரிபொருள் தீர்ந்தது. மேட்டில் எப்படியோ விழுந்து இறங்கினோம். வால் ஒடிந்தது. லிஃப்டுக்குக் கால் ஒடிந்தது, இன்றைக்கும் விந்தித்தான் நடக்கிறான். உயிர்ச்சேதம் இல்லை. எங்களை அழைக்கும் உத்தரவு தண்ணீர் வடிந்த பிறகு வந்தது. தும்பை விட்டு வாலைப் பிடிப்பதில் தலைமையகத்துக்கு நல்ல பயிற்சி உண்டு.

"விசாரணையில என்ன கேட்டாங்க தெரியுமா?" என்று மேஜரின் பல்லுக்குள் மருந்து வைத்துக்கொண்டே கேட்டேன். "அந்த இடத்தில் நிறுத்தியபோது உள்ளே ஆள் இருப்பது தெரியுமா? இதைத்தான் கேட்டாங்க. தெரியும், கையைப் பாத்தேன்னு ஒரு பொய். ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தா அவனுக்குப் பதக்கம் குடுத்திருப்பீங்க. அவன் தெரியாதுன்னான். நிறுத்திப் பழக்கம்னான்."

காலி இடத்தில் நின்று அரசுச் சொத்தை நாசம் செய்தான் என்று தலைவர் பதவியைப் பிடுங்கினார்கள். கொட்டகைச் சுவரில் தலைவர்கள் பெயர் பொறித்த பித்தளைத் தகடுகளில் அவனுடையதை மட்டும் கழற்றினார்கள். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை. அவன் இடத்துக்கு என்னை வைத்தார்கள், அதுவும் "தலைவர், பொறுப்பு" என்று. எந்தக் காலத்திலும் முழுத் தலைவராக ஆக்கவில்லை. நானும் என் பெயருக்குத் தகடு வேண்டாம் என்றுவிட்டேன்.

மேஜர் எழுந்து வாய் கொப்பளித்தார். பாதி உதடு மரத்துப்போயிருந்ததால் பேச்சு குழறியது.

"இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லல டாக்டர்."

"இப்ப நான் சொல்லிட்டேன்ல?"

"நாளைக்கு நீங்க இதையும் சேர்த்து வாசிச்சா ஜெனரல் எழுந்து போயிடுவார். உங்க கொடியை நினைவு மண்டபத்துல வைக்க மாட்டாங்க. உங்க பிரிவு இருந்ததுக்கே அங்க அடையாளம் இருக்காது." அவர் மிரட்டவில்லை, நடக்கப்போவதைச் சொன்னார். அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. கையெழுத்தும் கேட்காமல் உறையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

எனக்குக் குழப்பமாகத்தான் இருந்தது. கொடி எனக்கு மட்டும் சொந்தம் இல்லை. எங்கள் ஆட்கள் குடும்பத்தோடு வருகிறார்கள், பிள்ளைகளுக்குக் கொடியைக் காட்ட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறார்கள். என் அண்ணன் ஒருத்தனுக்காக அத்தனை பேரின் மரியாதையைக் கெடுக்கலாமா? சாயங்காலம் பஸ் டெப்போவுக்குப் போய் அவனையே கேட்டேன்.

அவன் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "அவங்க குடுத்ததைப் படிச்சிட்டுப் போ பல்லு. எல்லாரும் ஆசையா இருக்காங்க. எனக்கு எதுக்குப் பேரு? ரேஷன் கார்டுல இருக்கே, அது போதாதா?"

"நீ வருவியா?"

"டியூட்டி இருக்கு."

அப்போது, வால் மாற்றிய எங்கள் ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போனது. யாரோ கடைசித் தடவையாக ஓட்டிப் பார்க்கிறார்கள். டெப்போவில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அண்ணன் பார்க்கவில்லை. குனிந்து, நன்றாக இறுகியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து, மறுபடி கட்டினான். சத்தம் ஓய்ந்த பிறகுதான் நிமிர்ந்தான். எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிட வேகமாக ஆத்திரம் வந்தது. என் குழப்பம் அங்கேயே தீர்ந்தது.

மறுநாள் காலை கொட்டகை முன்னால் அணிவகுத்து நின்றோம். ஹெலிகாப்டரைத் துடைத்து வைத்திருந்தோம். பந்தலில் குடும்பங்கள். ஜெனரல் மேடையில். என்ன செய்யப்போகிறேன் என்பதை அணியில் நின்றவர்களிடம் மட்டும் முன்பே சொல்லியிருந்தேன். ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "சத்தமா வாசிங்க, பின்வரிசைக்குக் கேக்கணும்" என்றான் லிஃப்ட்.

சோடாவில் ஆரம்பித்தேன். தச்சர், வாத்தியார் பெயர்களைச் சொன்னேன். வெள்ளத்துக்கு வந்ததும் ஜெனரல் புத்தகத்தைப் புரட்டி, அதில் இல்லாததைத் தேடினார். "பழைய தியேட்டர் ஸ்டாப்" என்று நான் சொல்லும்போது மைக் செத்தது. பல் டாக்டருக்கு மைக் எதற்கு? துளைக்கிற எந்திரத்துக்கு மேலே கத்தியே பழகிய தொண்டை இது. கடைசி வரி வரை கத்தினேன். "இந்தப் பிரிவின் கடைசித் தலைவர் என் அண்ணன். அவருக்குப் பிறகு தலைவர் யாரும் இல்லை. நான் வெறும் பொறுப்பு."

ஜெனரல் எழுந்தார். கொடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார். தலைமையகக் கூட்டமும் பின்னாலேயே போனது.

ஒரு விஷயத்தை அவர் மறந்துவிட்டார். அணியில் நிற்கிறவர்கள் தாங்களாக நகர முடியாது, போகலாம் என்று மேலதிகாரி உத்தரவு கொடுக்க வேண்டும். ஜெனரல் கொடுக்காமலே போய்விட்டார். எல்லோர் கண்ணும் என்மேல் விழுந்தது. நான் வரிசையில் போய் லிஃப்ட் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"நான் பொறுப்புதான்" என்றேன். "பொறுப்பால அணியை அனுப்ப முடியாது. தலைவர் வரட்டும்."

அப்படி ஒரு விதி எங்கும் இல்லை. அந்த நிமிடம் நானே போட்டது. ஒருத்தரும் அசையவில்லை.

பந்தலிலிருந்து அண்ணி எழுந்தாள். "நில்லுங்க. அந்த மனுஷனை நான் போய் இழுத்துட்டு வர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். போனவள் உடனே வரவில்லை. ட்ரிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வருகிற ஆளா அவன்? வெயில் ஏறியது. பிள்ளைகள் பசி என்றார்கள். யாருடைய மனைவியோ, "இது என்ன வேண்டாத வீம்பு?" என்று சொல்லிக்கொண்டே வந்து தன் புருஷன் தலைக்கு மேல் குடை பிடித்தாள். குடையின் கீழ் அவன் விறைப்பாக நின்றான். லிஃப்டின் ஒடிந்த கால் நடுங்க ஆரம்பித்தது. உட்காரச் சொன்னேன், முறைத்தான்.

ஒரு வழியாக அண்ணி அண்ணனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். டிரைவர் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. வந்த வேகத்தில் கத்தினான்.

"என்ன பைத்தியக்காரத்தனம் இது? வெயில்ல நின்னு சாகப் போறீங்களா? கொடியும் போச்சாமே! பல்லு, உன்னை யாரு இதெல்லாம் பண்ணச் சொன்னது?"

நான் முன்னால் வந்து சல்யூட் அடித்தேன். "அணி தயார். உத்தரவு வேணும் ஐயா."

வரிசையை ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை, எல்லோரும் நேராகப் பார்த்து நின்றார்கள், முறைப்படி. வரிசையின் கடைசியில் அவனுக்குத் தெரியாத ஒரு முகம். கன்னம் இன்னும் கொஞ்சம் வீங்கியிருந்தது. கார்கள் போனபோது இவர் ஏறவில்லை என்பதை நானே அப்போதுதான் பார்த்தேன்.

"நீங்க யாரு?" என்று கேட்டான் அண்ணன்.

"தலைமையகம், ஐயா. மேஜர்."

"உங்க ஆளுங்க எப்பவோ போயிட்டாங்களே. நீங்க ஏன் நிக்கிறீங்க?"

"என்னைப் போகச் சொல்ல வேண்டியவர் இப்பத்தான் வந்திருக்கார்."

அண்ணன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தோள் குலுங்கியது. அண்ணி பக்கத்தில் போகப் பார்த்தாள், நான் வேண்டாம் என்று கை காட்டினேன். பிறகு அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கால்களைச் சேர்த்து நிமிர்ந்து நின்று, அந்தப் பெரிய தொண்டையால், போகலாம் என்று உத்தரவு கொடுத்தான். நாங்கள் எல்லோரும் ஒரே காலடியாகத் திரும்பினோம், மேஜரும்தான்.